மதியத்தில் மட்டும் நிற்கும் ஐஸ் மெஷின்

மலாக்காவில் சாப்பாட்டுக்கடை நடத்துபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு புகார் அடிக்கடி வரும். வெயில் கொளுத்தும் பிற்பகல். தே ஐஸ், லீமாவ் ஐஸ், ஏபிசி என்று எல்லா மேசையிலிருந்தும் குரல் வருகிறது. அந்த நேரம் பார்த்து ஐஸ் மெஷின் நின்றுவிடுகிறது. பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டால் மறுநாள் காலை எட்டரை மணிக்கு வருகிறார். அவர் வரும்போது மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

"நேத்து ரெண்டு மணிக்கு நின்னுடுச்சி அண்ணே. இப்ப நல்லா ஓடுது."

"கேஸ் கொஞ்சம் கம்மியா இருக்கும் தம்பி. போட்டு விட்டுடுறேன்."

கேஸ் ஏறுகிறது, பணம் கைமாறுகிறது. இரண்டு நாள் கழித்து, மதியம், மறுபடியும் நிற்கிறது.

மெஷின் உண்மையிலேயே கெட்டிருந்தால் காலையில் எப்படி ஓடுகிறது? கெடவில்லை என்றால் மதியத்தில் ஏன் நிற்கிறது? ஐஸ் அதிகம் தேவைப்படும் நேரமாகப் பார்த்து அது கைவிடுவது ஏன்? மாசி மகத்தன்று சன்னாசிமலைக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுபவர்களுக்கும் இதே கேள்விதான். மலாக்காவில் மழை குறைந்து வெயில் ஏறியிருக்கும் மாதங்களில் அந்தத் திருவிழா வருகிறது. பதில் மெஷினுக்குள் இருப்பதைவிட, அதைச் சுற்றியுள்ள காற்றிலும் அதற்குள் போகும் தண்ணீரிலும் அதிகமாக இருக்கிறது.

குளிர் என்று ஒரு பொருள் கிடையாது

ஐஸ் மெஷின் குளிரை உற்பத்தி செய்து தண்ணீருக்குள் செலுத்துகிறது என்றே பலரும் நினைக்கிறோம். அப்படிச் செலுத்துவதற்குக் குளிர் என்று தனியாக ஒரு பொருள் இல்லை. வெப்பம் மட்டுமே உண்டு. தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுத்து வேறிடத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் தண்ணீர் ஐஸ் ஆகிறது. மெஷினின் வேலை அவ்வளவுதான்: எடுப்பது, கொட்டுவது.

எடுத்துச் செல்லும் வேலையைச் செய்வது, மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு திரவம். இதைக் குளிர்பொருள் என்போம். கடைக்காரர்கள் சொல்லும் 'கேஸ்' இதுதான். பல மெஷின்களில் இருக்கும் ஆர்404ஏ என்ற குளிர்பொருள், நம் அறையில் திறந்து வைத்தால் பூஜ்யத்துக்குக் கீழே 46 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவியாகும் எதுவும் பக்கத்திலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஐஸ் உறையும் உலோகத் தகட்டின் பின்னால் அது ஆவியாகிறது. தகட்டின் முன்னால் வழிந்தோடும் தண்ணீர் வெப்பத்தை இழந்து, படலம் படலமாக உறைகிறது.

இப்படி வெப்பத்தைச் சுமந்துகொண்ட ஆவியைக் கம்ப்ரசர் அழுத்துகிறது. அழுத்தம் ஏறினால் வெப்பநிலையும் ஏறும். அறைக் காற்றைவிடச் சூடாகிவிட்ட ஆவி, மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாகக் கோத்த செம்புக் குழாய்களுக்குள் போகிறது. அதுதான் கண்டென்சர், தமிழில் வெப்பம் உதறி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு விசிறி அதன் மேல் காற்றை ஓட்ட, ஆவி வெப்பத்தை உதறித் திரும்பவும் திரவமாகிறது. சுற்று மறுபடி தொடங்குகிறது.

ஐஸ் தேவையான கனத்துக்கு வந்ததும் ஒரு வால்வு திறந்து, சூடான ஆவியைச் சில நிமிடம் தகட்டின் பின்னால் பாய்ச்சும். ஐஸ் தகட்டை விட்டுக் கழன்று பெட்டிக்குள் விழும். கடையில் நாம் கேட்கும் சடசடப்பு அதுதான்.

ஒரு கிலோ ஐஸின் கணக்கு

மெர்லிமாவ் கடைவரிசையில் ஒரு சாப்பாட்டுக்கடையை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 150 கிலோ ஐஸ் தரும் என்று விளம்பரத் தாளில் அச்சிட்ட மெஷினை வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒரு குவளைக்கு 150 கிராம் என்றால் ஆயிரம் குவளை. வந்து சேர்வதோ 100 கிலோதான்; அறுநூற்றுச் சொச்சம் குவளை. ஏமாற்றிவிட்டார்களா?

ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி குறைக்க எடுக்க வேண்டிய வெப்பத்தை ஓர் அலகு என்று கொள்வோம். பூஜ்ய டிகிரிக்கு வந்துவிட்ட தண்ணீர் உடனே ஐஸ் ஆகிவிடாது. அதிலிருந்து இன்னும் 80 அலகு எடுத்தாக வேண்டும். அந்த 80 அலகும் போகும் வரை வெப்பமானி பூஜ்யத்தை விட்டு அசையாது. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் இந்த வெப்பத்துக்கு மறைவெப்பம் என்று பெயர்.

விளம்பரத் தாளின் பெரிய எண் பெரும்பாலும் 21 டிகிரிக் காற்றிலும் 10 டிகிரித் தண்ணீரிலும் கணக்கிட்டது. 10 டிகிரித் தண்ணீரை ஐஸ் ஆக்க 10 அலகும் 80 அலகும் சேர்ந்து 90. மலாக்காவில் குழாயில் 10 டிகிரித் தண்ணீர் எந்த மாதத்திலும் வராது. கூரைத் தொட்டியில் வெயில் காய்ந்து வரும் தண்ணீர் சுமார் 30 டிகிரி இருக்கும். அப்போது 30 அலகும் 80 அலகும் சேர்ந்து 110. அதே ஒரு கிலோவுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் வேலை. மெஷினில் ஒரு குறையும் இல்லாமலேயே 150 கிலோ சுமார் 123 கிலோவாக இறங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் அதிகச் செலவில்லாத ஒரு திருத்தம் உண்டு. மெஷினுக்குப் போகும் குழாயைக் கூரைத் தொட்டியிலிருந்து இழுக்காமல், தெருக்குழாயிலிருந்து நேரே வரும் இணைப்பிலிருந்து இழுக்க முடிந்தால் பிற்பகலில் சில டிகிரி மிச்சமாகும். ஒவ்வொரு டிகிரியும் கிலோவுக்கு ஓர் அலகு.

மீதி 23 கிலோ எங்கே போயிற்று?

தூக்க வேண்டிய உயரம்

வெப்பம் தானாகச் சூட்டிலிருந்து குளிருக்கு இறங்கும். குளிரிலிருந்து சூட்டுக்கு ஏற்ற வேண்டுமானால் உழைக்க வேண்டும். தோட்டத்து லயங்களில் கிணற்றடியில் தண்ணீர் சேந்தியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாளி அதே வாளிதான். மழைக்காலத்தில் நீர் மேலே நிற்கும்போது நாலு இழுப்பில் வந்துவிடும். கோடையில் நீர்மட்டம் இறங்கிவிட்டால் அதே வாளிக்குக் கை கடுக்கும். ஒரு மணி நேரத்தில் நிரம்பும் குடங்களும் குறையும்.

கம்ப்ரசர் வெப்பத்தை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அறைக் காற்று. வெப்பம் உதறியிலிருந்து வெப்பம் வெளியேற வேண்டுமானால் அது காற்றைவிடச் சூடாக இருந்தாக வேண்டும்; சுத்தமான உதறிக்கு 13 டிகிரி கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 21 டிகிரி அறையில் அது 34 டிகிரியில் நிற்கும். மலாக்காவில் பகல் உச்சம் ஆண்டு முழுவதும் 32 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அடுப்பும் ரொட்டிச் சானாய்க் கல்லும் எரியும் சமையலறையில் பிற்பகல் காற்று 38 டிகிரியைத் தொடும். அப்போது உதறி 51 டிகிரிக்கு ஏற வேண்டும். உள்ளே குளிர்பொருளின் அழுத்தம், காற்றழுத்தத்தைப் போல 16 மடங்கிலிருந்து 24 மடங்குக்குப் போகிறது. அழுத்தம் கூடக்கூட கம்ப்ரசர் ஒவ்வொரு சுழற்சியிலும் கடத்தும் வெப்பம் குறையும். அந்த 123 கிலோவில் இன்னும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இங்கே கழிகிறது. மிஞ்சுவது நூறு கிலோவை ஒட்டிய அளவு.

நேரக் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு. ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ ஐஸ் விழுகிறது என்றால் 150 கிலோவுக்கு நூறு தடவை. ஒரு தடவைக்குப் பதினாலு நிமிடம் சொச்சம். 100 கிலோ என்றால் ஒரு தடவைக்கு இருபத்திரண்டு நிமிடம். கடைக்காரர் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு சடசடப்புகளுக்கு நடுவே உள்ள நேரத்தைக் குறித்தாலே மெஷினின் உடல்நிலை தெரிந்துவிடும். எந்தக் கருவியும் தேவையில்லாத இந்தப் பரிசோதனையை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் செய்து சுவரில் எழுதி வையுங்கள்.

காலையில் 47, மதியத்தில் 59

இதுவரை சொன்னதெல்லாம் சுத்தமான மெஷினின் கதை. சாப்பாட்டுக்கடையில் எண்ணெய்ப் புகை இருக்கிறது, கோதுமை மாவுத் தூசி இருக்கிறது. விசிறி இரண்டையும் இழுத்து அலுமினியத் தகடுகளின் நடுவே அப்புகிறது. சில மாதங்களில் அது கம்பளம் போட்டதுபோல் மூடிக்கொள்ளும். காற்று புக வழியில்லாமல், உதறி இன்னும் 8 டிகிரி கூடுதலாக ஏறித்தான் வெப்பத்தை வெளியேற்ற முடிகிறது என்று வைத்துக்கொள்வோம்.

காலை எட்டரை மணி. சமையலறைக் காற்று 26 டிகிரி. அதோடு 13, அழுக்குக்காக 8: மொத்தம் 47 டிகிரி. அழுத்தம் 22 மடங்குக்குக் கீழே. மெஷின் முணுமுணுக்காமல் ஓடும்.

மதியம் இரண்டு மணி. காற்று 38 டிகிரி. அதே 13, அதே 8: மொத்தம் 59 டிகிரி. அழுத்தம் 28 மடங்கு.

குழாய் வெடித்துவிடாமலும் கம்ப்ரசர் எரிந்துவிடாமலும் காப்பதற்காக மெஷினுக்குள் ஓர் அழுத்தச் சுவிட்ச் இருக்கிறது. அழுத்தம் எல்லையைத் தாண்டினால் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அந்த எல்லை மெஷினுக்கு மெஷின் மாறும். 28 மடங்கை ஒட்டி அமைத்த மெஷின், இரண்டு மணிக்கு நிற்கும். சில மெஷின்களில் அழுத்தம் தணிந்ததும் சுவிட்ச் தானே சேர்ந்துகொள்ளும். இரவில் கடை குளிர்கிறது, மெஷின் ஓடுகிறது, காலையில் வருபவர் குறை எதையும் காணவில்லை. அவரைப் பொய்யர் என்றோ கடைக்காரரை அவசரக்காரர் என்றோ சொல்ல இடமில்லை. இருவரும் ஒரே மெஷினை இரண்டு வேறு வானிலைகளில் பார்க்கிறார்கள்.

இந்தப் பழுதுக்கு மருந்து ஒரு மென்மையான தூரிகை, வெந்நீர், அலுமினியத்தை அரிக்காத சோப்பு, முக்கால் மணி நேர உழைப்பு. மின்சாரத்தை அணைத்துவிட்டு, தகடுகள் மடங்காமல் அவற்றின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். முன்னால் பஞ்சு வடிகட்டி இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலசி மாட்ட வேண்டும்.

மெஷின் நிற்கும் இடமும் முக்கியம். நாளுக்கு 100 கிலோ ஐஸ் செய்யும் மெஷின், தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பத்தையும் தான் குடித்த மின்சாரத்தையும் சேர்த்து அறைக்குள் கொட்டுகிறது. ஏறக்குறைய 1 கிலோவாட் ஹீட்டர் இரவும் பகலும் எரிவதற்குச் சமம். சுவரோடு ஒட்டி, அரிசி மூட்டைகளுக்கு நடுவே அதை நெருக்கி வைத்தால், தான் விட்ட சூட்டையே அது திரும்ப உள்ளிழுக்கும். ஒரு சாண் தள்ளி வைப்பதால் தீரும் பழுதுக்குக் கம்ப்ரசரையே மாற்றச் சொல்வதும் நடக்கிறது. அது வேதனையான வீண்செலவு.

வெயில் நாட்டில்தான் பிறந்தது

ஐஸ் மெஷின் குளிர்நாட்டுக் கருவி, நம் வெயிலுக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்வதுண்டு. வரலாறு வேறு மாதிரி. 1833இல் பிரெடரிக் டியூடரின் கப்பல், அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஏரி ஐஸை ஏற்றிக்கொண்டு கல்கத்தா வந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. நமக்கு அருகே சிங்கப்பூரில் வாம்போவா என்று அறியப்பட்ட வணிகர் 1854இல் ஐஸ் கிடங்கு வைத்தார். அதெல்லாம் குளிர்நாட்டு ஐஸை இறக்குமதி செய்த கதை.

வெயிலிலேயே ஐஸ் செய்யும் மெஷினுக்கு 1851இல் காப்புரிமை வாங்கியவர் ஜான் கோரி என்ற மருத்துவர். ஊர், புளோரிடாவின் கடற்கரையில் உள்ள அப்பலாச்சிக்கோலா. காய்ச்சலில் துடித்த நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க அவர் தேடிய வழி அது. பணம் போட ஆள் கிடைக்காமல் 1855இல் அவர் இறந்துபோனார். வெக்கையும் ஈரமும் நிறைந்த ஒரு கடலோர ஊரின் தேவையிலிருந்து வந்த கருவி இது. மலாக்காவுக்கு அது அந்நியமல்ல. ஊருக்கேற்ற பராமரிப்பைத்தான் கேட்கிறது.

உம்பாயும் ஜாசினும்

ஒரே மாடல் மெஷினை உம்பாய் கடலோரத்தில் மீன் சுடும் கடை ஒன்றிலும், உள்ளே தள்ளி ஜாசினில் ஒரு கடையிலும் வைத்தால், இரண்டும் ஒரே வயதில் சாகாது. கடற்காற்று உப்புத் துளிகளைச் சுமந்து வருகிறது. செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அங்கே ஒரு சின்ன மின்கலம் உருவாகிறது. அதில் கரைந்து தேய்வது அலுமினியம். தகடுகள் வெண்பொடியாக உதிர்ந்து, குழாயைப் பிடித்திருக்கும் பிடியை இழக்கும். குழாய் சூடாகவே இருக்கும், தகடு அந்தச் சூட்டை வாங்காது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் இதற்குப் பலன் இல்லை. உதறியையே மாற்ற வேண்டும். கடலோரக் கடைகள் வாங்கும்போதே தகடுகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு உள்ள மெஷினைக் கேட்க வேண்டும். பூச்சு இல்லாவிட்டால் மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி இறக்க வேண்டும்.

சமையலறைக்கே உரிய இன்னொரு அரிப்பு உண்டு. வினிகரிலிருந்து எழும் அமில ஆவி, ஈரத்தோடு சேர்ந்து செம்புக் குழாய்க்குள் ஊசிமுனை அளவில் கிளைகிளையாகத் துளைத்துச் செல்லும். தொழில்நுட்பர்கள் இதை எறும்புப்புற்று அரிப்பு என்கிறார்கள். வெளியே பார்த்தால் குழாய் நன்றாகவே தெரியும். கேஸ் மட்டும் மாதக்கணக்கில் கசியும். ஊறுகாய்ச் சாடிகளையும் வினிகர்ப் புட்டிகளையும் மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் மலாக்கா கொடுத்துவைத்த ஊர். சென்னையில் ஆழ்குழாய்த் தண்ணீர் கடினநீர். ஐஸ் மெஷினில் சுண்ணாம்புப் படிவு அங்கே பெரிய தொல்லை. மலாக்காவின் குழாய்நீர் ஆறுகளிலிருந்தும் டுரியான் துங்கல் போன்ற அணைகளிலிருந்தும் வரும் மென்னீர். இங்கே வடிகட்டியை அடைப்பது பழைய குழாய்களிலிருந்து வரும் பழுப்புக் கசடு. வடிகட்டி அடைத்தால் தண்ணீர் போதாமல் ஐஸ் நடுவில் குழிவிழுந்து மெலிந்து வரும். அதைப் பார்த்ததும் வடிகட்டியை மாற்றினால் போதும்.

காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரால் உதறியைக் குளிர்விக்கும் மெஷின்களும் விற்கின்றன. வெக்கையை அவை நன்றாகத் தாங்கும். ஆனால் செய்யும் ஐஸின் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைச் சாக்கடையில் விடும். 1991இல் டுரியான் துங்கல் அணை வறண்டு தண்ணீருக்குத் தவித்த மாநிலத்தில் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கேஸ் தீர்ந்துபோவதில்லை

காரில் பெட்ரோல் தீர்வதைப்போல மெஷினில் கேஸும் தீரும் என்ற எண்ணம் கடைக்காரர்களிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. அதனால் ஏற்படும் நட்டம் கொஞ்சமல்ல. குளிர்பொருள் மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. குறைந்திருந்தால் கசிந்திருக்கிறது. கசிவை அடைக்காமல் ஏற்றிய கேஸ் கசிந்தே போகும்.

அழுக்கேறிய மெஷினில் கேஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஏற்கெனவே 28 மடங்கில் திணறும் உதறிக்குள் இன்னும் கொஞ்சம் திணிக்கிறோம். இரண்டு மணிக்கு நின்றது இனி பன்னிரண்டு மணிக்கே நிற்கும். ஐஸ் மெஷினில் கேஸின் அளவு கிராம் கணக்கில் முன்பே வரையறுத்தது. பெயர்த்தகட்டில் அந்த எடை பொறித்திருக்கும். தராசு இல்லாமல், கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுவது சரியான பழுதுபார்ப்பு ஆகாது.

முறையான வேலைக்கு ஒரு வரிசை உண்டு. மிச்சமுள்ள கேஸை உருளைக்குள் மீட்டெடுப்பார்கள். நைட்ரஜனை அழுத்தி, சோப்பு நுரை வைத்துக் கசிவைத் தேடுவார்கள். பற்றவைப்பார்கள். ஈரம் உறிஞ்சும் வடிகட்டியைப் புதிதாக மாற்றுவார்கள். வெற்றிடப் பம்பால் குழாய்களிலிருந்து காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, பிறகு தராசில் நிறுத்து கேஸை ஏற்றுவார்கள். அரை நாள் பிடிக்கும். இதைச் செய்யத் தெரிந்த பிள்ளைகள் நம் தோட்டத்துக் குடும்பங்களிலிருந்தும் குளிர்பதனத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்று வருகிறார்கள். அவர்களுடைய நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுங்கள்; அரை மணி நேரத்தில் முடிக்கும் மலிவு வேலையைக் கேட்டு நச்சரிக்காதீர்கள்.

கசிந்த கேஸ் எங்கேயும் மறைந்துவிடாது. ஒரு கிலோ ஆர்404ஏ, கரியமில வாயுவைப் போலச் சுமார் 3,900 மடங்கு பூமியைச் சூடாக்கும். 2016இல் கிகாலியில் எட்டிய உடன்பாட்டின்படி உலக நாடுகள் இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கின்றன. மலேசியாவும் அதை ஏற்றிருக்கிறது. புதிய மெஷின்களில் ஆர்290 வருகிறது. அது தூய்மையாக்கிய புரொப்பேன். புவிச் சூட்டுக்கு அதன் பங்கு மிகச் சிறியது, ஆனால் தீப்பற்றும். அதற்கென்று வடிவமைக்காத பழைய மெஷினில் அதை நிரப்பிப் பார்க்க யாரையும் அனுமதிக்காதீர்கள். பக்கத்திலேயே அடுப்பு எரிகிறது.

வாங்கும்போது கேட்க வேண்டிய எண்

புதிய மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணை விட்டுவிடுங்கள். 32 டிகிரிக் காற்றிலும் 21 டிகிரித் தண்ணீரிலும் எத்தனை கிலோ வரும் என்ற எண் பெரும்பாலான தயாரிப்பாளர்களிடம் இருக்கும். உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதையும் மெஷினில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நம் சமையலறை அதைவிடவும் சூடு என்பதால், அந்த எண்ணிலிருந்தும் பத்தில் ஒன்றிரண்டு பங்கைக் கழித்துவிட்டு, உங்கள் கடையில் கூட்டம் அதிகமாக வரும் நாளின் குவளைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். பற்றாக்குறை என்றால் அடுத்த அளவு மெஷினை வாங்குங்கள். இந்த எண்ணைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் மெஷின் வாங்காதீர்கள்.